மண்ணுக்கு ஒரு போர்வை

விடியற்காலையில் எழுந்து முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பது நம்மவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். விளக்குமாற்றின் கோடுகள் மணலிற் படிந்து கிடக்கும் முற்றமே சீரான குடும்பத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. விழுந்த இலைகள் வளவின் மூலையிற் குவிக்கப்பட்டு மாலையிற் கொளுத்தப்படும். அந்தப் பழக்கத்தோடு அவுஸ்திரேலியாவில் வந்து குடியேறிய ஒருவர், அயல் வீட்டுக்காரர் மரப்பட்டைத் துண்டுகளை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி வந்து பூம்பாத்தியிற் பரப்புவதைக் கண்டால் வியப்படைவது இயல்பே. கூட்டி அள்ள வேண்டிய குப்பையைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறாரே என்று நினைப்பார்.

அது குப்பையன்று, மண்ணுக்கு இடும் போர்வை. ஆங்கிலத்தில் மல்ச் எனப்படும் இதனைத் தமிழகத்தில் மூடாக்கு என்றும் இலங்கையில் மூடுபடை என்றும் கூறுவர். இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றோடு பூசைக்கு வேண்டிய மல்லிகையும் செவ்வரத்தையும் வளர்க்காத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை மூன்று: எந்த மூடாக்கைத் தெரிவது, அதனை எப்படி இடுவது, மூட்டையைத் திறக்கும்போது நெஞ்சை எப்படிக் காப்பது. முதலிரண்டிலும் தவறினால் செடி வாடும். மூன்றாவதில் தவறினால் ஆளுக்கே ஆபத்து நேரலாம்.

போர்வையின் பயன்

அவுஸ்திரேலியா வரட்சிக்குப் பேர்போன நாடு. சிட்னியில் 2003 முதல் 2009 வரையும், மீண்டும் 2019-20 காலத்திலும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. குழாயை எப்போதும் திறந்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பாய்ச்சும் தண்ணீரை மண்ணிலேயே தக்க வைப்பதுதான் புத்தி.

வெறும் மண்ணில் வெயில் நேரே விழுகிறது. மேல்மண் சூடேற, ஈரம் ஆவியாகிறது. காற்று அந்த ஆவியை அள்ளிச் செல்ல, கீழிருந்து மேலும் ஈரம் மேலே ஏறி அதுவும் போய்விடுகிறது. மூடாக்கு இருந்தால் வெயிலும் காற்றும் மண்ணைத் தொடுவதில்லை. நடுப்பகலில் மூடிய மண்ணிலும் மூடாத மண்ணிலும் கையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

களை விதைகள் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். போர்வை வெளிச்சத்தை மறைப்பதால் களை குறைகிறது; குனிந்து களை பிடுங்கும் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கிறது. பெருமழையின் துளிகள் மேல்மண்ணை அடித்து இறுக்குவதும், கழுவிக்கொண்டு போவதும் தடைப்படுகின்றன. நாளடைவில் இலையும் பட்டையும் உக்கி மண்ணோடு சேர, மண்புழு பெருகுகிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களிலுள்ள இறுகிய களிமண் மெல்ல நெகிழ்வதும், பேர்த் நகரின் வெறும் மணல் சற்றே ஈரம் பிடிக்கப் பழகுவதும் இப்படித்தான்.

தாழ்ப்பது வேறு, மூடுவது வேறு

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் குழை தாழ்த்தல் கைவந்த கலை. பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணுக்குள் புதைத்து உரமாக்குவர். தென்னையடியில் பொச்சுமட்டையைப் புதைத்து ஈரம் காப்பதும் உண்டு. ஆகவே, இங்கே மரச்சீவல் கிடைத்தவுடன் அதையும் மண்வெட்டியால் கொத்தி உள்ளே புதைக்கக் கை துடிக்கும். அங்கேதான் தவறு நேர்கிறது.

பச்சைக் குழையில் நைதரசன் சத்து நிறைய உண்டு. அது மண்ணுக்குள் உக்கும்போது அச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. மரச்சீவலிலும் மரத்தூளிலும் கரிச்சத்து மிகுதி, நைதரசன் சொற்பம். அவற்றைப் புதைத்தால், உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான நைதரசனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும், இலைகள் மஞ்சளாகும். உரம் போட்டோமே, ஏன் மஞ்சளாகிறது என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிவார்.

அதே சீவலை மண்ணின் மேலே பரப்பினால் இந்த இழுபறி மண்ணும் சீவலும் தொடும் மேற்பரப்போடு நின்றுவிடும். கீழேயுள்ள வேருக்குப் பாதகம் இல்லை. ஆகவே விதி எளிது: பச்சை இலையைத் தாழ்க்கலாம், மரத்தை மேலே மட்டும் இடவேண்டும். மேல்வேர் விடும் சிறு செடிகளின் அடியில் மரச்சீவல் போடுவதானால், முதலில் சிறிது நைதரசன் உரத்தை மண்ணில் தூவிவிடுவது நன்று. இதற்குக் கடைகளில் முதலிற் காட்டுவது இரத்தமும் எலும்பும் சேர்ந்த தூள். பூசைக்குரிய மலர் வளரும் பாத்தியில் அதனைப் போட மனம் ஒவ்வாதவர்கள் லூசேர்ண் எனப்படும் தீவனப்பயிரின் உலர்புல்லைக் கீழே ஒரு படையாக இட்டு, அதன்மேல் சீவலைப் பரப்பலாம். லூசேர்ண் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, நைதரசன் உள்ளது.

எதைத் தெரிவது?

எல்லாவற்றுக்கும் ஒரே மூடாக்கு என்று இல்லை. பாத்திக்குத் தக்கதாகத் தெரிய வேண்டும்.

மரக்கறிப் பாத்திக்கு விரைவில் உக்கக்கூடியவை பொருத்தம்: கரும்புச் சக்கையும் தோகையும், பயற்றங் கொடியின் உலர்ந்த வைக்கோல், லூசேர்ண் என்பன. ஒரு போகத்துக்குள் பெரும்பகுதி மண்ணோடு கலந்துவிடும். அடுத்த போகத்துக்குப் புதிதாக இடவேண்டும். வைக்கோலுக்கும் உலர்புல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கதிர் அறுத்த பின் எஞ்சும் தாளே வைக்கோல். அதில் விதை குறைவு. உலர்புல் விதையோடு அறுக்கப்படுவதால், மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பரப்பியவர் அடுத்த மாதம் ஒரு புல்வெளியையே அறுவடை செய்ய நேரிடும்.

செவ்வரத்தை, மல்லிகை, கறிவேப்பிலை, தேசி, தோடை போன்று பல்லாண்டு நிற்பவற்றுக்குப் பருமனான மரப்பட்டையோ மரச்சீவலோ சிறந்தது. மெல்ல உக்குவதால் ஓராண்டு, ஈராண்டு தாங்கும். மரம் வெட்டுவோர் அரைத்துத் தரும் சீவல் மலிவாகவும், சில வேளை இலவசமாகவும் கிடைக்கும். சில கிழமைகள் குவித்து வைத்துப் பின்னர் பரப்பலாம்.

பருமன் முக்கியம். தூள்போன்ற நுண்ணிய மூடாக்கைத் தடிப்பாகப் போட்டால் அது இறுகி ஓடுபோலாகிவிடும். மழை பெய்தாலும் நீர் மேலே வழிந்தோடும். கீழே மண் வறண்டு கிடக்கும். துண்டுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் இடைவெளி வழியே நீர் இறங்கும்.

வெட்டிய புல்லைப் பச்சையாகக் குவித்துப் போடலாகாது. அது சூடேறிப் பாய்போல ஒட்டிக்கொள்ளும். காயவைத்து மெல்லிய படையாக இடலாம். கறுத்த பிளாஸ்டிக் விரிப்பு களையை அடக்கும் என்பது மெய்யே; ஆயினும் மண்ணைச் சூடாக்கி, காற்றையும் மழையையும் மறித்துவிடும். கூழாங்கல் உக்காது, மண்ணுக்கு ஊட்டமும் தராது. எனினும் வீட்டுச் சுவரோரத்துக்கு அது உகந்தது. கொக்கோ விதையின் தோலால் ஆன மூடாக்கு மணமாக இருக்கும். அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. நாய் வளர்ப்போர் அதனைத் தவிர்க்க வேண்டும். பச்சைநிறம் பாய்ந்த பழைய வேலிமரங்கள் செம்பு, குரோமியம், ஆசனிக் சேர்ந்த மருந்தில் ஊறியவையாக இருக்கலாம். அவற்றின் சீவலையோ தூளையோ தோட்டத்தில் இடவும் கூடாது, எரிக்கவும் கூடாது.

இடும் முறை

வசந்தத்தின் பிற்பகுதி, அதாவது ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏற்ற காலம். மண் சூடு பெற்றிருக்கும். கோடை இன்னும் முற்றியிராது. முதலில் களையைப் பிடுங்கி, மண்ணை நன்றாக நனைத்த பின்னரே மூட வேண்டும். வறண்ட மண்ணை மூடினால் வறட்சியையே பொத்தி வைத்ததாகும்.

பருமனான சீவலுக்கு 7 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பு போதும். 10-ஐத் தாண்ட வேண்டாம். நுண்ணியதானால் 5-க்கு மேல் வேண்டாம். கணக்கும் இலகுவானது. 7.5 சென்ரிமீற்றர் தடிப்பில் 10 சதுர மீற்றர் பாத்திக்கு முக்கால் கன மீற்றர் தேவை. 50 லீற்றர் மூட்டையாக வாங்கினால் 15 மூட்டை. இவ்வளவு வேண்டுமானால் மூட்டையாக அன்றி மொத்தமாக இறக்குவிப்பது பெரும்பாலும் இலாபம்.

செடியின் தண்டைச் சுற்றி 10 சென்ரிமீற்றர் அளவு வெறுமையாக விடவேண்டும். எரிமலைபோல் அடியிற் குவிப்பது பலர் செய்யும் பிழை. ஈரம் தண்டோடு ஒட்டி நின்றால் பட்டை அழுகும். தேசி, தோடை இனங்களுக்கு இந்த அடியழுகல் பெரும் பகை. இளநாற்றுகளுக்கு, அவை ஒரு சாண் உயரம் வளரும் வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையேல் மூடாக்கினுள் ஒளிந்திருக்கும் நத்தைகளுக்கு அவை இரையாகும்.

சுவரோரத்திலும் அவதானம் தேவை. செங்கற் சுவரின் அடியில் காற்றுக்காகவும் நீர் கசிவதற்காகவும் விடப்பட்ட துவாரங்களை மூடாக்கு அடைத்தால் வீட்டில் ஈரம் ஏறும். கறையான் மறைவாக உள்ளே புகவும் வழி பிறக்கும். காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் காற்றில் பறந்து வரும் தீப்பொறி காய்ந்த சீவலில் விழுந்து பற்றும். 2019-20 கோடையின் பெருந்தீயைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, வீட்டை ஒட்டிய பகுதிக்குக் கூழாங்கல்லே நல்லது.

கன்பரா போன்று உறைபனி விழும் இடங்களில், குளிர்காலத்தில் தடித்த வைக்கோற் போர்வை மென்மையான செடிகளுக்குத் தீங்காகலாம். பகலில் மண் வெயிலை வாங்காது. இரவில் உள்ள சூட்டையும் மேலே விடாது. அக்காலத்தில் மூடாக்கைச் சற்று ஒதுக்கிவிடுவது நன்று.

மூட்டைக்குள் இருக்கும் கிருமி

1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் சங்கமொன்றின் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே கடுமையான நுரையீரல் அழற்சி பரவிப் பலர் மாண்டனர். அச்சங்கத்தின் பெயரை ஒட்டி அந்நோய்க்கு லீஜியனேர்ஸ் நோய் என்றும், அடுத்த ஆண்டு இனங்காணப்பட்ட கிருமிக்கு லீஜியனெல்லா என்றும் பெயர் வந்தது. பெரிய கட்டிடங்களின் குளிரூட்டும் கோபுரங்களிலிருந்து பரவும் நீர்த்திவலைகளே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

ஆனால் 1988-89-இல் தென் அவுஸ்திரேலியாவில் இதே நோய் கண்ட பலர் வீட்டுத் தோட்டக்காரராக இருந்தனர். ஆராய்ந்தபோது, லீஜியனெல்லா லோங்பீச்சே என்ற வேறொரு இனம் சாடிகளுக்கு நிரப்பும் மண்கலவையில் வாழ்வது தெரிய வந்தது. கூட்டெருவிலும், உக்கிய மரப்பட்டை சேர்ந்த மற்றைய பொருள்களிலும் அது இருக்கக்கூடும். இன்று அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்கப்படும் மண்கலவை மூட்டைகளில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பது இதனாலேயே. எழுத்து சிறிது, கண்ணாடி போட்டு வாசிப்போர் சிலரே.

கிருமி உள்ளே போவது தூசியாலும், தண்ணீர் அடிக்கும்போது எழும் நுண்துளிகளாலும். மண் படிந்த கையால் உண்பதும் புகைப்பதும் மற்றொரு வழி. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயாக இது கருதப்படுவதில்லை. தோட்டம் செய்யும் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. ஐம்பது வயதைக் கடந்தோர், புகைபிடிப்போர், சலரோகம் உடையோர், நாட்பட்ட நெஞ்சு நோய் உடையோர், ஸ்ரெரொயிட் போன்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் உட்கொள்வோர் ஆகியோரே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். நம் சமூகத்தில் சலரோகம் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதும், ஓய்வு பெற்ற தந்தைமாரும் தாய்மாருமே பெரும்பாலும் தோட்டத்தைப் பார்க்கின்றனர் என்பதும் எல்லோரும் அறிந்ததே.

பாதுகாப்பு கடினமானதன்று. மூட்டையைக் கொதிக்கும் வெயிலில் வைக்காமல் நிழலில் வைக்க வேண்டும். திறந்த வெளியில், காற்று முகத்துக்கு எதிராக வீசாத பக்கமாக நின்று, கத்தரிக்கோலால் மெதுவாக வெட்ட வேண்டும்; கையால் கிழித்துத் தூசி எழுப்பலாகாது. மூட்டைக்குள் முகத்தை வைத்து மணந்து பார்ப்பது வேண்டாம். திறந்தவுடன் பூவாளியால் இலேசாக நனைத்தால் தூசி அடங்கும். குழாயால் பீய்ச்சி அடித்தால் திவலை பறக்கும். கையுறையும், வன்பொருட் கடைகளில் கிடைக்கும் பி2 வகை முகக்கவசமும் அணிவது நன்று. புகையும் வண்ணம் சூடேறிக் கிடக்கும் சீவற் குவியலைக் கிளறும்போதும் இதே கவனம் வேண்டும். அதிலிருந்து எழும் பூஞ்சண வித்துகள் தொய்வு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின்னரே வாயில் ஏதும் வைக்க வேண்டும். இடையிலே வரும் தேநீருக்கும் இது பொருந்தும்.

இனி, மிக முக்கியமான செய்தி. அறுபதைத் தாண்டிய ஒருவர் சனிக்கிழமை முழுவதும் தோட்டத்தில் பாடுபட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வியாழனன்று காய்ச்சல், நடுக்கம், தலையிடி, உடம்பு உளைவு, வரட்டு இருமல். சிலருக்கு வயிற்றோட்டமும் மனத்தடுமாற்றமும் இருக்கும். சளிக்காய்ச்சல் என்று எண்ணி ரசமும் கொத்தமல்லிக் குடிநீரும் குடித்துப் படுத்துவிடுவார். கிருமி உட்சென்று இரண்டு முதல் பத்து நாட்களிலேயே, சிலருக்கு அதற்கும் பின்னரே, நோய் தலைகாட்டுவதால், தோட்ட வேலைக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட எவருக்கும் தோன்றாது.

வைத்தியரிடம் போனாலும் சிக்கல் உண்டு. நுரையீரல் அழற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியைக் கொல்வதில்லை. அது நம் உடற்கலங்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறது. வேறு வகை மருந்துகள் உள்ளன. அவை நன்றாக வேலை செய்யும், ஆனால் காலத்தோடு தொடங்க வேண்டும். வழக்கமான சிறுநீர்ச் சோதனையோ குளிரூட்டிகளோடு தொடர்புடைய இனத்தையே முக்கியமாகக் காட்டும். மண்கலவையின் இனத்தைக் காட்டாது. சளியைச் சோதித்தாற்றான் தெரியும். எனவே, தோட்ட வேலை செய்தபின் காய்ச்சலும் இருமலும் வந்தால், “சென்ற கிழமை மண்கலவை மூட்டை திறந்தேன், கூட்டெரு கிளறினேன்” என்ற ஒரு வாக்கியத்தை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்காகப் பிள்ளைகள் பேசுவதானால், அவர்கள் இதனை மறவாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வேறு சில எச்சரிக்கைகள்

2024 ஜனவரியில் சிட்னியின் றோசெல் பூங்காவில் பரப்பப்பட்ட மீள்சுழற்சி மூடாக்கில் அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. தொடர்ந்து நடந்த பரிசோதனையில் பாடசாலைகள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அது காணப்பட்டது. கல்நார் 2003-இன் இறுதியில் அவுஸ்திரேலியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பொருள். ஆயினும் பழைய கட்டிடங்களின் இடிபாட்டில் அது இன்னும் உண்டு. ஆதலால், எந்த மரத்தின் பட்டை, எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது நன்று. இடிபாட்டு மரக்கழிவு கலந்ததை வீட்டுக்குத் தவிர்ப்பதே மேல். சாம்பல் நிறச் சீமெந்துத் தகட்டுத் துண்டுகள் தென்பட்டால் உடைக்காமலும் கூட்டாமலும், பிள்ளைகளை அப்புறப்படுத்தி உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சிட்னிச் சுற்றாடலில் புனல்வலைச் சிலந்தி ஈரமான மறைவிடங்களை நாடும். மூடாக்கினுள்ளும் மரக்கட்டையின் கீழும் வெறுங்கை விடலாகாது. கையுறையும் மூடிய சப்பாத்தும் அவசியம். வெளியே விட்ட சப்பாத்தை உதறிப் பார்த்தே போட வேண்டும். கடித்தால் கட்டுத்துணியால் அவயவம் முழுவதையும் இறுகச் சுற்றி, அசையாமல் வைத்து, 000 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 1981-இல் மாற்றுமருந்து வந்த பின்னர் இச்சிலந்தியால் மரணம் நேர்ந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே பதற்றம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்.

மண்ணில் ஏற்புவலிக் கிருமியும் உண்டு. சிராய் ஏறிய சிறு காயமும் அதற்கு வாயிலாகலாம். கடைசியாக ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்தோர் குடும்ப வைத்தியரிடம் கேட்டு மீண்டும் போட்டுக்கொள்வது நல்லது.

முற்றம் கூட்டிப் பழகிய கை சும்மா இருக்காது. கூட்டட்டும், நடைபாதையைக் கூட்டி, அந்த இலையை மூலையிற் குவித்துக் கொளுத்தாமல் செவ்வரத்தையின் அடியிற் பரப்பட்டும். கையுறையை மாட்டி, மூட்டையை மெதுவாகத் திறந்து, முடிந்தபின் கையைக் கழுவிவிட்டு வந்தால், கோடை முழுவதும் பூசைத் தட்டுக்குப் பூவும், கறிச்சட்டிக்குக் கறிவேப்பிலையும் குறைவின்றிக் கிடைக்கும்.